மம்னூ: ஜெசிந்தாக்கா ஏற்க மறுத்த ஒற்றைச் சொல்

“அந்தத் தாளை மொழிபெயர்த்தது நான்.” நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை பிற்பகலில், எங்கள் மேலாளரின் அறையில் நின்றுகொண்டு நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இது. சொல்வதற்கு நேரம் இருந்தது. யார் செய்தது என்ற கேள்வி எங்கள் இருவரையும் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஜெசிந்தாக்கா பதில் சொல்லிவிட்டார்.

அவர் இறந்துபோன செய்தி மூன்று வாரங்களுக்கு முன் வந்தது. துபாய் அல் குசைஸில் இருக்கும் எங்கள் டைப்பிங் சென்டரில், ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வளைகுடாத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று இருக்கும் வாட்சப் குழுவில் அவருடைய பழைய பாஸ்போர்ட் படம் வந்தது. அஜ்மானில் அவர் தங்கியிருந்த அறையில் மாரடைப்பு. நாற்பத்தொன்பது வயது. கணவர் அந்தோணி யான்புவில் டெக்னீஷியனாக இருக்கிறார். அவர் வந்து உடலைக் குளச்சலுக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடப்பதாகப் படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள். நான் அந்தக் குழந்தையின் பெயரை மூன்று முறை தப்பாக அடித்தேன்.

அதற்கடுத்து வழக்கமான இரங்கல் வரிகள் வந்தன. அமைதியானவர் என்றார் ஒருவர். எல்லோரையும் அனுசரித்துப் போவார் என்றார் இன்னொருவர். ஒருவர் மட்டும் கொஞ்சம் நேர்மையாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு, “மொழிபெயர்ப்பில் சில பிழைகள் நேர்ந்ததுண்டு, ஆனாலும் நல்ல மனுஷி” என்று எழுதியிருந்தார். அதற்குப் பதினான்கு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அவரை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஜெசிந்தாக்கா அமைதியானவர் இல்லை. யாரையும் அனுசரித்துப் போனதும் இல்லை. அவர் செய்ததாகச் சொல்லப்படும் அந்தப் பிழையை அவர் செய்யவில்லை. இதை நான் மென்மையாகச் சொல்லப் போவதில்லை. மென்மையாகச் சொல்வதற்கான நாட்கள் எனக்கு நான்கு ஆண்டுகள் கிடைத்தன.

மஸ்கட்டில் ஒரு மருத்துவமனை வார்டில் பதினோரு ஆண்டுகள் நர்ஸாக இருந்தவர் அவர். நோயாளியைத் தூக்கிப் புரட்டிப் படுக்க வைத்தே முதுகு போனது. அதன்பின் துபாய்க்கு வந்து எங்கள் கடையில் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உட்கார்ந்தார். நான் சேர்ந்தபோது அவர் அங்கே ஐந்து ஆண்டுகளாக இருந்தார். முதல் நாளே என் பேனாவை எடுத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை. ஏசியை யார் வைத்தாலும் அணைப்பார். மதியம் மீன் கொண்டுவருவார், கடை முழுவதும் மணக்கும். மேலாளர் முகம் சுளித்தால், “ஒமக்க மூக்குக்கு நான் என்ன செய்ய” என்பார். மேலாளர் கேரளத்துக்காரர், நல்ல தமிழ் தெரியும், இதைக் கேட்டதும் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். எனக்கு ஜெசிந்தாக்காவைப் பிடிக்காமல்தான் இருந்தது. நான் புத்தகம் படிக்கும்போது அட்டையைத் திருப்பிப் பார்த்து, “இதுல யாரு சாவா?” என்று கேட்கிற ஆளை எப்படிப் பிடிக்கும்?

டைப்பிங் சென்டர் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் வருகிற தாள்களில் பாதி, படிக்கத் தெரியாத அல்லது அந்த மொழி தெரியாத ஒருவர் கையெழுத்திட வேண்டியவை. வாக்குமூலம், ஒப்புதல், பிரமாணம். தமிழில் அடிக்கும்போது கடைசியில் ஒரு வரி இருக்கும்: “எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, கேட்டுப் புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்.” எல்லாக் கடைகளிலும் இந்த வரி கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். யாரும் படித்துக் காட்டுவதில்லை. ஆள் வருவார், விரல் வைக்கும் இடத்தைக் காட்டுவோம், முத்திரை விழும், அடுத்த டோக்கன்.

ஜெசிந்தாக்கா படித்துக் காட்டுவார். முழுவதும், வாய்விட்டு, கையெழுத்துப் போடுகிறவரின் ஊர்ப் பேச்சில். நடுவில் நிறுத்தி, “இப்போ நான் என்ன சொன்னேன், ஒம்ம வாயால சொல்லும்” என்பார். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியிடம் ஒப்புதல் வாங்கும்போது அப்படித்தான் கேட்பாராம். கையெழுத்திடுகிறவர் திருப்பிச் சொல்வது சரியாக இல்லையென்றால் மீண்டும் முதல் வரியிலிருந்து. ஒருமுறை ராமநாதபுரத்துப் பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்கத்தைப் படித்துக் காட்ட நாற்பது நிமிடம் ஆனது. வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள். அந்தப் பதினேழு பேருக்கும் சமாதானம் சொன்னது நான். உள்ளே வந்து, இந்த வரியை எல்லோரும் சும்மாதான் அடிக்கிறார்கள் என்று கோபமாகச் சொன்னேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், “படிச்சுக் காட்டியாச்சுன்னு எழுதிட்டு படிக்காம இருந்தா அதுக்குப் பேரு பொய், பிள்ளே. பொய்ய நானும் சொல்லுவேன். ஆனா கையெழுத்துப் போட்டுச் சொல்ல மாட்டேன்” என்றார்.

இனி அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே வந்து இறங்குகிற எந்தத் தமிழனும் கற்றுக்கொள்கிற முதல் அரபுச் சொற்களில் ஒன்று மம்னூ. கூடாது, தடை என்று பொருள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கும் அதிகாரி சொல்வார். கடற்கரைப் பலகையில் இருக்கும். தொழிலாளர் கேம்ப் வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியலின் தலைப்பில் இருக்கும். அறையில் அடுப்பு மம்னூ, ஆணி அடிப்பது மம்னூ, வெளியாளைத் தங்க வைப்பது மம்னூ, மது மம்னூ, ஆயுதம் மம்னூ. நம் ஆட்கள் அதை வீட்டுச் சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பார்ட்டிக்கு வா என்று கூப்பிடும்போது, “மம்னூ உண்டா?” என்று கேட்டால் விஸ்கி உண்டா என்று அர்த்தம். சேர்ந்து சிரிப்பார்கள். அரபு தெரியாத வாயில் அந்தச் சொல் செல்லமாகிவிட்டது.

ஜெசிந்தாக்காவுக்கு அந்தச் சொல்லின்மேல் தனிக் கோபம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கும்பகோணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்த ஓர் அம்மா, குருமாவுக்கு என்று அரைக் கிலோ கசகசா கட்டிக் கொண்டுவந்துவிட்டார். கசகசா இந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்பது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? விமான நிலையத்தில் நிறுத்திவைத்து எழுதி வாங்கிய தாளில், தன்னிடம் மம்னூ இருந்ததாக அந்த அம்மா ஒப்புக்கொண்டிருந்தார். என்ன மம்னூ என்று அதில் இல்லை. மகன் பதறிப்போய் அந்தத் தாளின் நகலோடு எங்கள் கடைக்கு வந்தார். விளக்கக் கடிதம் எழுதியது ஜெசிந்தாக்கா. எழுதி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “கசகசாவும் மம்னூ, துப்பாக்கியும் மம்னூ, விஸ்கியும் மம்னூ. மூணையும் ஒரே பையில போட்டுக் கட்டுனா, அந்த அம்மா குருமா வைக்க வந்தாவளா, சண்டைக்கு வந்தாவளான்னு தாளப் பாக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?” அதன்பின் எழுதிய எந்தத் தாளிலும் அவர் அந்தச் சொல்லைத் தனியாக விட்டதில்லை. பக்கத்தில் பொருளின் பெயர் இருக்கும். எத்தனை, எவ்வளவு என்றும் இருக்கும்.

அந்தக் கடிதம் ஏற்கப்பட்டது. அந்த அம்மா மூன்று மாதம் மகனோடு இருந்துவிட்டு ஊருக்குப் போனார். போகும் முன் கடைக்கு வந்து குருமா கொடுத்தார். கசகசா இல்லாத குருமா. நன்றாகவே இல்லை என்று ஜெசிந்தாக்கா அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

இனி அந்தப் புதன்கிழமை.

ஷார்ஜாவில் இருக்கும் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் சோதனை நடந்திருந்தது. கட்டட வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் கேம்ப் அது, பெயர் இங்கே வேண்டாம். ஓர் அறையில் ஆறு பேர், எல்லோரும் தமிழர்கள். காலையில் கேம்ப் பாஸ் என்று அழைக்கப்படும் பொறுப்பாளர், ஹைதராபாத்துக்காரர், ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, மதியம் ஆட்களை வேனில் கொண்டுவருவேன், தமிழில் தயாராக இருக்கட்டும் என்று சொல்லிப் போனார். ஆறு பேரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய ஒப்புதல். அடுத்து அது கம்பெனி அலுவலகத்துக்கும், அங்கிருந்து போலீஸுக்கும் போகும்.

என்னிடம்தான் வந்தது. நான் சேர்ந்து ஐந்து மாதம், இன்னும் ஒரு மாதத்தில் தகுதிகாண் காலம் முடியும். அது முடிந்தால்தான் கடை என் பெயருக்கு விசா எடுக்கும். அப்பாவுக்கு அந்த ஆண்டு வேலை போயிருந்தது, வீட்டில் மற்றவர்கள் இங்கே தங்குவதும் என் விசாவைப் பொறுத்திருந்தது. இதைக் காரணமாகச் சொல்கிறேன், சாக்காகச் சொல்லவில்லை. அந்தத் தாளில், “பின்பக்கப் பட்டியலில் கண்ட மம்னூ பொருள்கள் எங்கள் அறையில் எங்களிடம் இருந்தன” என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. நான் தாளைத் திருப்பவில்லை. அன்று வேலை அதிகம். “தடைசெய்யப்பட்ட பொருள்கள் எங்களிடம் இருந்தன என்று ஒப்புக்கொள்கிறோம்” என்று தமிழில் அழகாக எழுதினேன். பட்டியல் என்ற சொல்லையே விட்டுவிட்டேன். கடைசியில் படித்துக் காட்டப்பட்ட வரியைச் சேர்த்தேன். எங்கள் கடையில் தமிழுக்குச் சான்றளிக்கும் கையெழுத்து ஜெசிந்தாக்காவுடையது என்பதால் தாளை அவர் மேசையில் வைத்தேன்.

இரண்டு மணிக்கு வேன் வந்தது. ஆறு பேரும் டூட்டி உடையில், சிமெண்ட் ஒட்டிய ஷூக்களோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். கேம்ப் பாஸ் வாசலில் நின்று, ஜல்தி, ஜல்தி என்றார். முதலில் வந்தவர் செல்வராசு, அறந்தாங்கிப் பக்கம், முப்பது வயதிருக்கும். பேனாவை அவரே எடுத்துக்கொண்டார்.

ஜெசிந்தாக்கா பேனாவைப் பிடுங்கினார். படித்தார். திருப்பிச் சொல்லச் சொன்னார்.

“மம்னூ இருந்துச்சு, ஒத்துக்கிறோம். அதானக்கா? இருந்துச்சு. என்னுதுதான். நான் போட்டுர்றேன்.”

“எது இருந்துச்சு?”

“பாட்டிலுதான். கட்டிலுக்கு அடில. முக்காவாசி காலி.” மற்றவர்களைக் காட்டினார். “இவிங்களுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா ரூம்மேட்டு. இவன் குடிக்கவே மாட்டான்.”

மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவர், தரையைப் பார்த்தபடி, அலமாரிக்கு மேல் இருந்த மூட்டையையும் எடுத்தார்களே என்றார். லீவில் ஊருக்குப் போன ஓர் ஆள் கட்டி வைத்துவிட்டுப் போனது. அதற்குள் என்ன இருந்தது என்று ஆறு பேரில் யாருக்கும் தெரியவில்லை. துணி என்று நினைத்தார்களாம்.

ஜெசிந்தாக்கா ஆங்கிலத் தாளைக் கையில் எடுத்தார். திருப்பினார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தில் இரண்டே வரி. ஒரு விஸ்கி பாட்டில். ஒரு ஏர் கன், தோட்டாப் பெட்டியுடன். புறா சுடுகிற துப்பாக்கிதான், ஆனால் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் அதுவும் ஆயுதம். என் தமிழ்த் தாளில் கையெழுத்திட்டால், ஆறு பேரும் அதைத் தங்களுடையது என்று ஒப்புக்கொண்டவர்கள் ஆகிவிடுவார்கள்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். திட்டவில்லை. தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

அதன்பின் நடந்த சத்தத்தை முழுவதும் எழுத முடியாது. பாதி ஹிந்தியில் நடந்தது. ஆறு பேருக்கும் தனித்தனியாக ஆறு தாள் வேண்டும் என்றார் ஜெசிந்தாக்கா. தமிழ்த் தாள் சுருக்கமாக நன்றாகத்தான் இருக்கிறது, வேறு வேண்டாம் என்றார் கேம்ப் பாஸ். தனித்தனியாக எழுதினால் துப்பாக்கி யாருடையது என்று கம்பெனி தேட வேண்டியிருக்கும், லீவில் போனவனுக்குப் பாஸ்போர்ட் கொடுத்து அனுப்பியது அவர், கேள்வி அவரிடம்தான் வரும். அவருடைய அவசரம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறு பேரும் ஒன்றும் புரியாமல், தங்களுக்காகத்தான் சண்டை என்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். செல்வராசு மட்டும், “அக்கா, நேரமாச்சுன்னா டூட்டி கட்டாயிரும், போட்டுட்டுப் போறோமே” என்றார்.

“பேசாம இரும். நீரு குடிச்சதுக்கு நீரு ஒத்துக்கிடும், எவனோ சுட்டதுக்கு எதுக்கு ஒத்துக்கிடணும்?”

மேலாளர் எங்கள் இருவரையும் கேம்ப் பாஸையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த நிறுவனம் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. அவர் நியாயமாகப் பேசுவதுபோலத்தான் பேசினார். மொழிபெயர்ப்பில் தப்பு இருந்தால் திருத்தலாம். தப்பு இல்லையென்றால் தாள் தாள்தான், கையெழுத்து வாங்கி அனுப்பிவிட வேண்டும். தப்பு இருக்கிறதென்றால் அது யாருடைய தப்பு என்று கம்பெனிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். பிறகு கேட்டார்: “இது ஆரு செய்தது?”

நான் காலண்டரைப் பார்த்தேன். அதில் ஒட்டகப் படம் இருந்தது.

“நான்தான்” என்றார் ஜெசிந்தாக்கா.

மேலாளருக்கு அது பொய் என்று தெரியும். என் எழுத்துருவும் அவருடைய எழுத்துருவும் வேறு வேறு. அவர் என்னைப் பார்த்தார், நான் திரும்பவில்லை. ஜெசிந்தாக்கா குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார்.

“பட்டியல விட்டது எனக்க தப்பு. எழுதிக்கிடுங்க. தப்பு எனக்கதுன்னா திருத்த வேண்டியதும் நான்தான். பழைய தாளு செல்லாது.”

அவ்வளவுதான். யாராவது ஒருவர் பிழை என்று ஒப்புக்கொண்டால்தான் அந்தத் தாளை நிறுத்த முடியும். அதை ஒப்புக்கொள்ள வேண்டியவள் வாய் திறக்கவில்லை. எனவே அவர் எடுத்துக்கொண்டார், என் பேனாவை எடுத்துக்கொண்டதுபோல, கேட்காமல்.

மாலை ஐந்தரை வரை உட்கார்ந்து ஆறு தாள்கள் அடித்தார். நான் உதவுகிறேன் என்றேன். டீ வாங்கிவரச் சொன்னார். செல்வராசுவின் தாளில், “என் கட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு விஸ்கி பாட்டில் என்னுடையது, அதில் கால் பங்கு மீதம் இருந்தது” என்று இருந்தது. மற்ற ஐந்து தாள்களில், அறையில் கண்டெடுத்த இரண்டு பொருள்களின் பெயரும், இரண்டும் தன்னுடையவை அல்ல என்ற வரியும், மூட்டையை வைத்துவிட்டுப் போனவரின் பெயரும் இருந்தன. ஒவ்வொன்றையும் படித்துக் காட்டினார். ஒவ்வொருவரும் திருப்பிச் சொன்னார்கள். குடிக்கவே மாட்டான் என்று செல்வராசு சொன்ன ஆள், விஸ்கி என்ற சொல்லைச் சொல்லவே கூச்சப்பட்டார். “சொல்லும், சொன்னா போதை ஏறாது” என்றார் ஜெசிந்தாக்கா. வேனில் ஏறும்வரை அந்த ஆறு பேரும் சிரித்தார்கள்.

கடையைச் சாத்தும்போது அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதை வளர விடவில்லை.

“ஒனக்காகச் செஞ்சேன்னு நெனச்சிராதே, மக்ளே. ஆறு பேருக்க கையெழுத்து. நீ எப்போ வாயத் தொறப்பேன்னு பாத்துக்கிட்டு இருந்தா வேன் போயிருக்கும்.”

அவர் சொன்னவற்றில் இதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. இதுவரை.

அந்த ஆறு பேரில் ஐந்து பேர் மறுநாள் சைட்டுக்குப் போனார்கள். செல்வராசுவின் விசாவை ரத்து செய்து, வழக்கு எதுவும் இல்லாமல் ஊருக்கு அனுப்பினார்கள். தன்னுடையதை ஒப்புக்கொண்டதற்காக அவர் வருத்தப்பட்டதாகக் கேள்விப்படவில்லை. அந்த நிறுவனம் எங்கள் கடைக்கு வருவதை நிறுத்தியது. ஜெசிந்தாக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது. காரணம்: மொழிபெயர்ப்புப் பிழை. எனக்கு அடுத்த மாதம் விசா அடித்தார்கள்.

ஆண்டு முடிவில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேறு மொழிபெயர்ப்பு அலுவலகங்களில் கேட்டார். எங்கள் கடையில் விசாரித்தவர்களுக்கு அந்தக் கடிதம் காட்டப்பட்டது. இந்த ஊரில் நாம் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ஒரு கடையில் நடந்தது மறுநாள் ஷார்ஜா வரைக்கும் போய்விடும். கடைசியில் அஜ்மானில் ஒரு டைப்பிங் சென்டரின் கவுண்டரில் விசா விண்ணப்பம் நிரப்பும் வேலை கிடைத்தது. மொழிபெயர்ப்பு வேலை கொடுக்கப்படவில்லை. மூன்று ஆண்டுகளாக அவர் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி என்று அடித்துக்கொண்டிருந்தார்.

ஒருமுறை பார்க்கப் போனேன். பேருந்தில் போகும்போது முழு வழியும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எச்சரிக்கைக் கடிதத்தை மாற்றச் சொல்லி மேலாளரிடம் பேசப் போகிறேன் என்று சொல்லத்தான் போனேன். அங்கே அவர் ஒரு பாகிஸ்தானி டிரைவருக்கு, அவருடைய விண்ணப்பத்தில் இருந்த ஒவ்வொரு கட்டத்தையும் ஹிந்தியில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் படித்துக் காட்டியதாக ஒரு வரியே கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. அவருடைய கடை முதலாளி பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஜெசிந்தாக்கா, “என்ன சோலியா வந்தே?” என்றார். சும்மா என்றேன். பால் இல்லாத சுலைமானி டீ வாங்கித் தந்தார். நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டு, அதில் யார் சாகிறார்கள் என்றும் கேட்டார். திரும்பி வந்துவிட்டேன். அது பதினெட்டு மாதங்களுக்கு முன்பு.

ஆகவே, அவருடைய பிழைகளை மன்னித்துப் பதினான்கு கைகளைக் கூப்பிய நண்பர்களுக்கு: அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். மன்னிக்கப்பட வேண்டிய பிழை எதுவும் அவரிடம் இல்லை. அவருக்குக் கோபம் வரும், மீன் நாற்றம் உண்டு, பேனா திருடுவார், பிறர் நேரத்தை மதிக்க மாட்டார். இவையெல்லாம் உண்மை, வேண்டுமானால் இவற்றுக்குக் கைகூப்புங்கள். மொழிபெயர்ப்பில் அவர் ஒரு வரியைக்கூட விட்டதில்லை. விட்டது நான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், பெரிய சொத்து ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்க்கிறேன். தடைசெய்யப்பட்ட பொருள் என்று எழுத நேர்ந்தால் என்ன பொருள் என்று கேட்கிறேன், அது துப்பாக்கியா, விஸ்கியா, கசகசாவா, எத்தனை, யாருடையது. பதில் வரும்வரை தட்டச்சு செய்வதில்லை. படித்துக் காட்டாமல் அந்தக் கடைசி வரியை அடிப்பதில்லை. வெளியே காத்திருக்கிறவர்கள் திட்டுகிறார்கள், திட்டட்டும். நம்மை மொத்தமாக ஒரு சொல்லில் கட்டிப் போடுவது எல்லோருக்கும் வசதிதான். லேபர் என்பார்கள், இந்தியா என்பார்கள், மம்னூ என்பார்கள். ஆறு பேர் என்றால் ஆறு தாள் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஒருத்தி நம்மிடையே இருந்தாள். அந்தப் பிடிவாதத்தை நான் எடுத்துக்கொண்டேன், அவரைப் போலவே கேட்காமல்.

இன்னொன்றும் செய்தேன். இதை எழுதத் தொடங்குவதற்கு முன், போன வியாழக்கிழமை, மேலாளரின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை. “அந்தத் தாளை மொழிபெயர்த்தது நான்” என்றேன். தெரியும் என்றார் அவர். மரிச்சுபோன ஆளுக்கு இனி என்ன பிரயோஜனம் என்றும் கேட்டார். அவர் பெயருக்குப் பிரயோஜனம் என்றேன். எழுத்தில் வேண்டும் என்றேன். அப்படியானால் உன் பெயரில் எழுத வேண்டியிருக்குமே என்றார். எழுதுங்கள் என்றேன்.

திங்கட்கிழமை காலையில், ஜெசிந்தாக்காவுக்குக் கொடுக்கப்பட்ட எச்சரிக்கை தவறானது என்றும் அது ரத்து செய்யப்படுவதாகவும் இரண்டு வரிக் கடிதம் ஒன்று கடை முத்திரையோடு வந்தது. அதை அந்தோணி அண்ணனுக்கு அனுப்பினேன். மாலையில் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. காரணம் சரியாக எழுதப்பட்டிருந்தது.